கடைசியாய் வந்த சோடி

“அறுவத்திரெண்டு வயசில ஓட்டமென்ன ஓட்டம் உம்மா?”

மர்ஷூதா உம்மாவின் சப்பாத்துச் சோடியை அலுமாரிக்குள் எறிந்து பூட்டினாள். திறப்பைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மூன்று மணிக்குப் பொத்துவில் பஸ். உம்மாவும் வாப்பாவும் அங்கே அரை மரதன் ஓடப் போகிறார்களாம். போனால்தானே!

உம்மா கமீலா குனிந்த தலையோடு பேத்திக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள்.

ஊர் சிரிப்பாய்ச் சிரிக்கிறது. பக்கத்து வீட்டு றபீக்கா பேஸ்புக்கில் ஒரு படத்தைக் கண்டுபிடித்து, மர்ஷூதா படிப்பிக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். நுவரெலியாப் பனிக்குள் உம்மா. கறுப்பு அபாயா, நெஞ்சில் இலக்கம், காலில் வெள்ளைச் சப்பாத்து. பக்கத்தில் வாப்பா, முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக்கொண்டு. பின்னால் ஒரு ஈ காக்கா இல்லை, ஏனென்றால் கடைசியாய் வந்த சோடி இவர்கள்தான். “டீச்சர், உம்மா அடுத்தது ஒலிம்பிக்குக்கா?” என்று விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர் கேட்டபோது, பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது மர்ஷூதாவுக்கு.

எல்லாம் அந்த டொக்டரால் வந்த வினை. “சீனி வருத்தம் இரிக்கி, நடங்க” என்று சும்மா ஒரு வார்த்தை சொன்னார். கல்முனையில் எத்தனை பேருக்கு அவர் அப்படிச் சொல்லியிருப்பார்! எல்லாரும் கடற்கரையில் பத்து நிமிஷம் நடந்து, பிளேன்ரீ குடித்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். இவர்கள் நடக்க மட்டும் நாடு போதாதாம்.

ஓடத் தெரிந்தவர்கள் ஓடினாலும் பரவாயில்லை. இருபத்தொரு கிலோமீட்டருக்கு இவர்கள் எடுப்பது நாலு மணித்தியாலம். காலியில் கூடாரங்களைக் கழற்றி லொறியில் ஏற்றிய பிறகுதான் வந்து சேர்ந்தார்களாம். யாழ்ப்பாணத்தில் பாதுகாப்புக்கு நின்ற பொலிஸ்காரர்களே வீட்டுக்குப் போய்விட்டார்களாம். இந்த அழகுக்குக் கழுத்தில் பதக்கம் வேறு! வெள்ளி போனால் திங்கள்தான் வருகை. வெள்ளி, சனி லீவு முடிந்து ஞாயிறு பள்ளிக்கூடம் தொடங்கினால் பிள்ளைகளை ஆர் பார்ப்பது, றபீக்காவா?

அப்படி என்ன குறை வைத்துவிட்டார்கள் பெற்ற மக்கள்? ஊர் வழமைப்படி ரெண்டு பெண்மக்களுக்கும் ரெண்டு வீடு கட்டிச் சீதனமாய்க் கொடுத்தார்கள், மெய்தான். அதற்காக யாரும் அவர்களைத் தெருவில் விடவில்லையே. மூத்தவள் மர்ஷூதாவுக்குச் சின்னப் பிள்ளைகள், உத்தியோகம் என்று உம்மா இங்கே சாய்ந்தமருதில். இளையவள் றிப்னாவின் மாப்பிள்ளை கட்டாரில், அந்த வீட்டுக்கு ஆம்பிளைத் துணை வேண்டுமென்று வாப்பா அங்கே மருதமுனையில். ரெண்டு பேருக்கும் வேளாவேளைக்குச் சோறு, கறி, மருந்து. குந்தியிருந்து தஸ்பீஹ் மணி உருட்ட வேண்டிய வயதில் ஓட்டமாம், ஓட்டம்!

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. வாப்பா கச்சிமுகம்மது வந்துவிட்டார். ஜும்மாத் தொழுகை முடிந்து நேரே வருகிறார், தோளில் பை. அறுபத்தேழு வயது மனிதர் தாடியை வாரி, அத்தர் பூசி, புது மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பதைப் பார்க்க மர்ஷூதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பைய வெச்சிட்டு இரிங்க வாப்பா. நானும் தங்கச்சியும் கதைச்சு முடிவெடுத்திட்டம். இனி ஓட்டம் கீட்டம் ஒண்டும் இல்ல.”

அவர் மனைவியைப் பார்த்தார். “பேர் பதிஞ்சாச்சே மகள். ரூமும் சொல்லி வெச்சாச்சு.”

“இந்த வயசில ரூம் ஒண்டுதான் கேடு! எனக்கு ஊருக்குள்ள தல காட்ட ஏலாம இரிக்கி. வெக்கமெண்டு ஒண்டு வேணாவா?”

“நாங்க என்ன களவெடுக்கவா போறம்? நடந்திட்டு வரப் போறம்.”

“அப்ப இங்க நடங்களன். கடல் இல்லையா, கர இல்லையா?”

“இங்க எப்பிடி மகள்...” என்று இழுத்தார். தோளில் கிடந்த பையை இறக்கவில்லை.

மர்ஷூதாவுக்குப் பாவமாய்ப் போய்விட்டது. ஆயிரந்தான் இருந்தாலும் பெற்ற வாப்பா. ஒளித்து வைத்திருந்த நல்ல செய்தியை அப்போதே அவிழ்த்துவிட்டாள்.

“நாங்க ஈவிரக்கம் இல்லாத மக்கள் இல்ல வாப்பா. தங்கச்சிட மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லி ஓடுற மெஷினுக்கு ஓடர் குடுத்தாச்சு. ஒண்டில்ல, ரெண்டு! உம்மாவுக்கு இங்க ஒண்டு, உங்களுக்கு மருதமுனையில ஒண்டு. அவங்கவங்க இருக்கிற வீட்டிலயே ஆச தீர ஓடுங்க. ஆரும் பாக்கவும் மாட்டாங்க, சிரிக்கவும் மாட்டாங்க.”

சொல்லி முடிக்கையில் தன் புத்தியை நினைத்து அவளுக்கே பெருமை தாங்கவில்லை. இந்த ஊரில் வேறெந்த மகள் பெற்றோருக்கு இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்வாள்? உம்மாவின் முகத்தில் சந்தோசம் வரட்டும் என்று திரும்பினாள்.

கமீலா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள். எழும்பிப் போய்க் கச்சிமுகம்மதுவின் பக்கத்தில் நின்றாள். மகளின் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாயிருந்தது. நிலத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

“மெஷினும் வேணா, ஓட்டமும் வேணா மகள். எங்க ரெண்டு பேருக்குமாச் சேத்து ஒரு அறை தா.”