சுகந்தி கையில் இருந்த பால்

மதியம் இரண்டரை மணி. சீரியல் வரவேண்டிய நேரத்தில், சென்னை அஸ்தினாபுரத்து அஜீசா வீட்டு டிவியில் யாரோ ஒருத்தி பாதாம் அரைத்துக்கொண்டிருக்கிறாள். சானல் மாறிவிட்டதோ என்று அஜீசா ரிமோட்டைத் தட்டிப் பார்க்கிறாள், அதே சானல்தான். மீன் விற்று முடித்து தினமும் சீரியலுக்கு வந்துவிடும் முத்தாலம்மாள், வாடை அடிக்குமென்று வழக்கம்போல வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய அலுமினிய அன்னக்கூடை; அதில் உருகின ஐஸ் தண்ணீரில் நாலைந்து செதில்கள் மினுங்குகின்றன. "கேபிள்காரனுக்கு ஒரு போன் போடும்மா" என்கிறாள். போட்டுப் பேசிய அஜீசா ரிசீவரை வைக்க மறந்து நிற்கிறாள். "சீரியல நேத்தோட நிறுத்திட்டாங்களாம், அக்கா. இனிமே வராதாம்." தலைக்கு மேலே ஒரு விமானம் ஏர்போர்ட்டுக்கு இறங்குகிறது, படம் நடுங்கி அடங்குகிறது. "இன்னாது, நிறுத்திட்டானா? நாத்தனாக்காரி விஷத்த கலந்துட்டா, சுகந்தி அந்தப் பால வாயாண்ட எடுத்துகினு போனாளே! குடிச்சாளா, இல்லியா?" டிவியில் அந்தப் பெண் பாதாம் பாலை டம்ளரில் ஊற்றி, சிரித்தபடி உதட்டுக்குக் கொண்டுபோகிறாள். "ஐயோ, வாணாம் கண்ணு!" முத்தாலம்மாள் படியைத் தாண்டி டிவி முன்னால் நிற்கிறாள். அவள் கால் இடறின அன்னக்கூடையிலிருந்து மீன் தண்ணீர் கூடம் முழுக்க ஓடுகிறது. அதைப் பார்க்காமல் அஜீசாவும் சேர்ந்து கத்துகிறாள்: "குடிக்காதே!"