கதிர் ஏந்திய சிங்கம்

2024 ஜூன் எட்டு, சனிக்கிழமை. ஜெர்மனியின் ஹார்ட்மன்டால் மாவட்டத்தில், தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மேடையில் ஒரு சிங்கக் கொடி தொங்கியது. கண்டிக்கத்தக்க செயல்!

“ஆர் பிள்ளை இந்தச் சிங்கத்தை இஞ்ச கட்டினது?”

பெற்றோர் சங்கத் தலைவர் விமலநாதனின் குரலில் மண்டபமே அடங்கியது. அதிகாலை வேலையை முடித்துக்கொண்டு நேரே வந்தவர், கோபத்தில் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

“நான்தான் அண்ணை,” என்றார் பாடசாலைப் பொறுப்பாளர் பிரபாலினி. “எங்கட மாவட்டக் கொடி. மாவட்டத் தலைவர் லாண்ட்ராட் பத்து மணிக்கு வாறார்.”

“ஊரில இருந்து எங்களைத் துரத்தின இலங்கைக் கொடிச் சிங்கம் இஞ்சயும் வந்திட்டுதோ?”

“இது வேற சிங்கம். கையைப் பாருங்கோ, வாள் இல்லை. கோதுமைக் கதிர்.”

“சிங்கம் எப்ப பிள்ளை கோதுமை திண்டது?”

“ஹார்ட்மன் எண்டு ஒரு பிரபு. மாவட்டத்துக்கே அவற்ற பேர்தான். பஞ்சத்தில ஓடி வந்த சனத்துக்குத் தன்ர களஞ்சியத்தைத் திறந்து விட்டவராம். அதுதான் கதிர்.”

“நல்ல மனுசன்தான். அப்ப அவரையே கீறியிருக்கலாமே? ஏன் சிங்கத்தைக் கீறினவை?”

“அண்ணை, இந்த மண்டபத்துக்கு நாங்கள் குடுத்த அன்ட்ராக்கில, அந்த விண்ணப்பத்தில, அவர் இண்டைக்குத்தான் கையெழுத்து வைக்கப் போறார். கொடியைக் காணாட்டி என்ன நினைப்பார்? செப்டெம்பரில பிள்ளையளை எங்க இருத்துறது?”

“என்ர வீட்டில இருத்துங்கோ!”

“எண்பது பேரையோ? வீட்டில அக்காவைக் கேட்டனீங்களோ?”

முன்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. விமலநாதன் முகம் சிவந்தார்.

“அவருக்குப் பொன்னாடை போர்த்துறது நான். அந்தச் சிங்கத்துக்கு முன்னால என்னால நிக்க ஏலாது. ஒண்டில் அது, இல்லாட்டி நான்!”

சொன்னதோடு நில்லாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். முடிச்சு இறுகியிருந்தது, வியர்த்துக் கொட்டியது. மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு மீண்டும் கொடியைப் பற்றினார்.

பிரபாலினி வாயைப் பொத்திக்கொண்டார். “அண்ணை, கொஞ்சம் குனிஞ்சு உங்கட நெஞ்சைப் பாருங்கோ.”

வாசலில் மாவட்டத் தலைவரின் கார் வந்து நின்றது.

இருபத்திரண்டு ஆண்டுகளாக விமலநாதன் ஓட்டிவரும் மாவட்டப் பேருந்தின் சீருடைச் சட்டையே மேலங்கிக்குள் இருந்தது. அதன் பையின்மேல் அதே சிங்கம், அதே கதிர். வாசகரே, மழுப்பாமல் உடனே விடை கூறுங்கள்: அவர் இப்போது கழற்ற வேண்டியது கொடியையா, சட்டையையா?