ஊர்ப் பீருக்கு ஓட்டெடுப்பு

"விக்கணும்ங்கிறவங்க எந்திரிச்சு நில்லுங்கய்யா, மூஞ்சியப் பார்ப்போம்!" என்று சர்ச் கூடம் அதிரக் கத்தினார் கறிக்கடை எமிர்.

ஒருவன்தான் நின்றான். இயோலோ. பீர் ஆலையை நடத்தும் நெரிஸின் கூடப்பிறந்த தம்பி.

வேல்ஸின் அந்தச் சிற்றூரில் இருநூற்றுப் பதினான்கு பேர் பங்கு போட்டுத் தொடங்கிய ஆலை அது. ஊர் ஊற்றுத் தண்ணீர், ஊர் பார்லி. பன்னிரண்டே வருடத்தில் அதன் பீர் லண்டன் வரை போய்விட்டது. வளர்ந்தால் சும்மா விடுவார்களா? பெரிய கம்பெனி ஒன்று நல்ல விலையோடு வந்து நின்றது.

"ராப்பகலா காய்ச்சியும் ஆர்டருக்குப் பத்தலக்கா. புதுக் கொப்பரை வாங்க வக்கில்ல. நீ நிம்மதியாத் தூங்கி எத்தனை மாசமாச்சு? கொடுத்துட்டுப் போலாம்," என்றான் இயோலோ.

"உக்கார்றா துரோகி!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

நெரிஸ் எழுந்தாள்.

"பேரை மட்டும் வாங்கிக்கிட்டு, எங்கேயோ குழாத் தண்ணியில காய்ச்சுவாங்க. வேலை செய்யற பதினாறு பேரையும் வீட்டுக்கு அனுப்புவாங்க. 'எவனுக்கும் அடிமை இல்லை'ன்னு பாட்டில்ல எழுதி வித்தோமே, அதை நம்பிக் குடிச்சவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

அவள் குரல் உடைந்தது. கூடமே எழுந்து கைதட்டியது. எமிர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயோலோ தலையைக் குனிந்துகொண்டான்.

ஆளுக்கு ஒரு சீட்டு, ரகசிய ஓட்டு. ஓய்வுபெற்ற ஆசிரியை ப்ரொத்தரோ அம்மாள் எண்ணினார். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். முகம் வெளிறிப்போய்ப் படித்தார்.

"விற்கலாம், இருநூற்றுப் பதிமூன்று. கூடாது, ஒன்று."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எமிர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலைத் தேடினார். வெட்கங்கெட்ட ஊர்! போகிறபோது ஒவ்வொருவராக நெரிஸின் கையைத் தொட்டு, "மன்னிச்சிரும்மா, நீ ஒருத்திதான் மனுஷி," என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் நிமிரவே இல்லை.

கூடம் காலியானதும் இயோலோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ பேசினதைக் கேட்டு மனசு மாறி, நான் 'கூடாது'ன்னுதான் போட்டேன்க்கா," என்றான். "ரெண்டு ஓட்டு இருக்கணுமே... உன்னோடது எங்கே?"