சிவகரனின் முதற்பதிப்பு

சகலருக்கும் அறிவிப்பது: வவுனியாவின் பெருமை உலகெங்கும் பரவும் வேளை வந்துவிட்டது. நாணயங்களைப் பற்றிய நூல்களின் அரிய முதற்பதிப்புகளைச் சேகரிக்கும் சிவகரனின் பொக்கிஷமான புத்தகமொன்றைக் கண்காட்சிக்கு எடுக்க, கொழும்பிலிருந்து நிபுணர் வந்திருந்தார்.

"ஒருத்தரும் விரிக்கேல்லைத்தானே?" என்றார் நிபுணர்.

"சத்தியமா இல்லை. அச்சகத்திலை மடிச்ச தாளின்ர ஓரம் வெட்டாமல் அப்பிடியே இருக்கு. அதுதானே மதிப்பு! விரிக்க எனக்கே பயம்."

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி ராஜினி குழம்பிப்போனாள். விரிக்காத புத்தகத்துக்கா இவ்வளவு மரியாதை?

"இஞ்சருங்கோ, சரஸ்வதி பூசைக்கு வச்ச இந்தப் புத்தகத்தை விஜயதசமியண்டு வாசிக்கவேணுமெல்லோ? தாளெல்லாம் ஒட்டிக் கிடந்துது. பிளேட்டாலை கீறிப்போட்டு வாசிச்சனான். நல்ல புத்தகமப்பா."

நிபுணர் தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பினார்.

அச்சான நாளிலிருந்து அந்தப் புத்தகத்தை வாசித்த ஒரே ஆள் ராஜினிதான்.