குடைக்கு அடியில் பச்சை

"அன்பரசி, இந்தக் காளானுக்கு அடியில பச்சையா இருக்குதே, பாத்தியா?"

உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள், முறத்தில் மிச்சம் கிடந்த இரண்டில் ஒன்றைத் திருப்பிக் காட்டினாள்.

அன்பரசி வாங்கிப் பார்த்தாள். காலையில் பால் போல வெள்ளையாக இருந்த குடையின் உள்பக்கம், மதியத்துக்குள் பாசி பிடித்த மாதிரி ஆகியிருந்தது. தண்டில் மோதிரம் போட்டது போல ஒரு வளையம்.

இடி இடித்து மழை பெய்தால் மறுநாள் விடியலில் புற்றுக்காளான் தேடிப் போய்விடுவாள். புற்று மண்ணைக் கிளறினால், தண்டு வேர் மாதிரி முழ நீளத்துக்கு உள்ளே இறங்கியிருக்கும். குடையின் உச்சி கூராக இருக்கும். வளையம் இருக்காது. எட்டு வருஷத்தில் ஒருநாளும் தப்பியதில்லை.

இன்று புற்றில் நாலைந்துதான் இருந்தன. கணவன் சிவக்குமாருக்கு ஒரு வேளைக்குக்கூடப் பத்தாதே என்று, வரும் வழியில் எருக்குழி ஓரப் புல்லில் பெரிது பெரிதாக நின்றதையும் பிடுங்கிப் போட்டுக்கொண்டாள். தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். அவன் பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துச் சமைத்துக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

அவளுக்குக் காளான் வாடையே ஆகாது. உப்புக்கூடப் பார்க்க மாட்டாள். அவனுக்காகத்தான் சமைப்பது. காளான் கொடுத்தனுப்பும் நாளில் டிபன் பாக்ஸ் கழுவி வைத்தது போலத் திரும்பி வரும்.

மணி பன்னிரண்டே முக்கால். தருமபுரியில் கவுஸ் பாஷாவின் பீரோ பட்டறையில்தான் அவனுக்கு வேலை. சாப்பாட்டு நேரம். போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. தகரம் தட்டும் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது.

இரண்டு காளானையும் ஒரு கவரில் போட்டுக்கொண்டு, கட்டியிருந்த சேலையோடு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தாள். வழியில் ஒன்பது தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். சாப்பிட்டிருக்கக் கூடாது, சாப்பிட்டிருக்கக் கூடாது என்று மனம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது.

பட்டறை திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை; சிவக்குமாரின் போன் மட்டும் ஒரு தகரத்தின் மேல் கிடந்தது. எதிர் டீக்கடைக்காரரிடம் ஓடினாள்.

"சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல ஒரே வாந்திங்க. நிக்கவே முடியல. ஆட்டோவுல பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அவள் நிற்கவில்லை.

அவசரப் பிரிவில் எதிர்ப்பட்ட டாக்டரம்மாவிடம் கவரை நீட்டினாள்.

"நாந்தாங்க சமைச்சேன். தெரியாம சமைச்சுட்டேன்."

டாக்டரம்மா காளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையோடு கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று என்றார். இந்த வகை வயிற்றைத்தான் பாடாய்ப் படுத்தும், குளுக்கோஸ் ஏறுகிறது, இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும், ஆனாலும் உயிருக்குப் பயமில்லை என்று சொல்லிவிட்டு மூன்றாவது கட்டிலைக் கைகாட்டினார்.

அன்பரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். கட்டிலில் வாடிய கீரை போலத் துவண்டு கிடந்தவர் பட்டறை முதலாளி கவுஸ் பாஷா. பக்கத்தில், ஒரு குறையும் இல்லாமல், அவருடைய செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான் சிவக்குமார்.

"நீங்க... சாப்பிடலீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கல்யாணமான புதுசுல நீ ஆசையா செஞ்சு குடுத்தே, நல்லாருக்குதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல மனசு வரல அன்பு. எட்டு வருஷமா பாய்தான் சாப்பிடறாரு."