முந்தி முளைத்த நரம்பு

பொற்கொடி சுரங்கக் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஜெர்மனியிலிருந்து அறிவழகன் கூப்பிட்டான்.

"இன்னா மீன்காரம்மா, சவுக்கியமா?"

பிஎச்.டி. செய்த ஆய்வகத்தில் அவளுக்கு சீனியர். மேல்பட்டாம்பாக்கத்துக்காரன். அந்தப் பட்டப்பெயரும் அவன் வைத்ததுதான்.

மீன்குஞ்சின் மூளையில் நரம்பு எப்போது முளைக்கிறது என்பதுதான் அங்கே எல்லோருக்கும் ஆராய்ச்சி. ஒரு மருந்து கொடுத்தால் அது சில மணி நேரம் முந்தி முளைக்கிறது என்று அறிவழகன் கட்டுரை எழுதினான். மருந்து கொடுக்காத குஞ்சுகள் மற்றவர்களின் தொட்டிகளில் பிறந்தவை. மருந்து கொடுத்த குஞ்சுகளின் படங்கள் அவள் தன் தொட்டிக் குஞ்சுகளை வைத்து எடுத்தவை. கேட்காமலே எடுத்துக்கொண்டான்.

கட்டுரையின் கடைசி வரியில் அவள் பெயர் இருந்தது. தொட்டிகளைப் பராமரித்ததற்கு நன்றி.

அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் ஜெர்மனியில் போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலை வாங்கினான். அதே வேலைக்கு அவளும் விண்ணப்பித்திருந்தாள். இப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள்.

"இங்க எத்தினி தடவ பண்ணாலும் வரலம்மா. மருந்து குடுத்தாலும் ஒண்ணுதான், குடுக்காட்டியும் ஒண்ணுதான். புரொபசர் ஒரு மாதிரி பாக்குறாரு. கான்ட்ராக்ட் முடியப்போவுது. நீ வேற எதுனா பண்ணிகினு இருந்தியா?"

"எல்லாரும் பண்றதத்தாங்கண்ணா பண்ணேன். கைப்பக்குவம் வேணும். இன்னும் நாலு தடவ பண்ணிப் பாருங்க."

போனை வைத்துவிட்டு அப்பாவின் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

உள்ளே அப்பா நைட் ஷிப்டு முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலில் கறுப்புப் போர்வை. மைன்ஸ்காரர்கள் வீட்டில் பகலை இப்படித்தான் இரவாக்குவார்கள்.

ஆய்வகத்தில் தன் தொட்டிக்கும் அவள் அதைத்தான் செய்திருந்தாள்.

பகலில் மைக்ராஸ்கோப்பை சீனியர்கள் விடமாட்டார்கள். இரவில்தான் அவளுக்குக் கிடைக்கும். அந்த மீன்கள் வெளிச்சம் வந்ததும் முட்டையிடுபவை. அதனால் மத்தியானமே தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடிவிடுவாள். விடிவதற்கு வெகு முன்பே விளக்கு தானாக எரியும்படி வைத்திருந்தாள். முட்டையும் அப்போதே விழும், நரம்பு முளைக்கும் நேரம் அன்று இரவே வந்துவிடும்.

மீன் அறைக்குள் கால் வைக்காத அறிவழகனுக்கு இது தெரியாது. மற்ற தொட்டிகளைப்போல விடிந்தபின் இட்ட முட்டைகள் என்றுதான் வயதைக் கணக்கிட்டான்.

மருந்து ஒன்றுமே செய்யவில்லை. அவளுடைய குஞ்சுகள் மூத்தவை, அவ்வளவுதான்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் இங்கிலீஷ் சரிபார்த்துக் கொடு என்று அவன் அவளிடம்தான் நீட்டினான்.

தன் பெயர் எங்கே இருக்கிறது என்று அன்றுதான் பார்த்தாள்.

குஞ்சுகளின் வயது எழுதியிருந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

பிறகு அந்த வரியில் விட்டுப்போயிருந்த ஒரு கமாவைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.