கதிரை வைக்கிற இடம்

அறையின் நடுவில் ஸ்பீக்கரை இறக்கியபோது, அதன் அடியிலுள்ள இரும்பு முள் தரையில் பதித்த ரைல்ஸைத் துளைத்துக்கொண்டு இறங்கியதற்கு நான்தான் காரணம். முள்ளுக்கு அடியில் வைக்கவென்று தந்த பித்தளை வட்டு என் காற்சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

கனடாவிலிருந்து கப்பலில் வந்த சோடி ஸ்பீக்கர். ஒவ்வொன்றும் என் நெஞ்சளவு உயரம், பாரத்தில் என்னைவிட மேல். கோயில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற என்னை நம்பி இதை ஒப்படைத்தவர்களை நினைக்க எனக்கே பாவமாக இருந்தது.

சத்தம் கேட்டு ஜெகதீஸ்வரி அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார். வீடு முழுக்கச் செருப்போடு திரிகிறவர், பின்வளவில் ஒட்டிக் கட்டிய இந்தப் புது அறைக்கு மட்டும் அப்படி. சாமானின் பெறுமதிக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்பீக்கரை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து, ஓட்டை விழுந்த இடத்தைக் கையால் பொத்தினார்.

“நல்லா உள்ளுக்க போச்சுதோ, தம்பி?”

“ஒரு விரற்கடைதான் அம்மா. கிணறு வெட்டுற அளவுக்குப் போகேல்லை, பயப்பிடாதேங்கோ.”

அவர் சிரிக்கவில்லை. என் பகிடிக்குச் சிரிக்காதவர்கள் எங்கள் முள்ளியவளையில் குறைவு.

சன்னலில் சாத்தி வைத்த கைபேசிக்குள் மூத்த மகன் கிருசாந்தன் இருந்தான். கனடாவில் அப்போதுதான் விடிகிறது. வேலைக்கு வெளிக்கிட்டபடியே எனக்குக் கேத்திர கணிதம் படிப்பித்தான்.

“ராசண்ணை, சுவரோட ஒட்டாதேங்கோ, முன்னுக்கு இழுங்கோ. ரெண்டு பெட்டியும், ஆள் இருந்து கேக்கிற கதிரையும் முக்கோணமா நிக்கோணும். இப்ப முகத்தைக் கொஞ்சம் உள்ளுக்கத் திருப்புங்கோ. கூடிப்போச்சு. கொஞ்சம் வெளியால.”

“என்ர கலியாணத்தில படம் எடுத்தவனும் இந்தப் பாடு படுத்தேல்லை, தம்பி.”

“அப்பிடி வைச்சாத்தான் அண்ணை, பாடுறவர் நேரை முன்னுக்கு நிண்டு பாடுற மாதிரி இருக்கும். அதுவும் அந்தக் கதிரையில இருக்கிறவனுக்கு மட்டும். மற்ற இடமெல்லாம் சும்மா சத்தம்.”

“அப்ப அம்மாதான் அதில இருக்கப்போறா.”

“இல்லை. விதுசன்.”

விதுசன் அவனுடைய தம்பி. கடைசிச் சண்டையில் ஊர் இடம்பெயர்ந்தபோது சனத்துக்குள் காணாமல் போனவன் என்று ஊருக்கே தெரியும். முன்விறாந்தையில் அவனுடைய படம் மாலை இல்லாமல் தொங்குகிறது.

“உடைஞ்ச ரேடியோவைக் காதோட வைச்சுக்கொண்டு திரிஞ்சவன், அண்ணை. அவன் வரேக்க இந்த அறை இருக்கோணும். அதுக்குத்தானே இஞ்ச ரெண்டு வேலை செய்யிறன்.”

குனிந்து வயரைச் சுருட்டினேன். வாய் சும்மா இருக்கவில்லை. “இந்தக் கதிரையில ஒருக்கா இருந்தால் உங்கட தம்பி பிறகு இடத்தை விட்டு எழும்பவே மாட்டார்.”

கிருசாந்தன் சிரித்தான். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

கயிறு பிடித்து அளந்து பார்த்தேன். கதிரை வர வேண்டிய இடம், நான் ஓட்டை போட்ட அதே ரைல்ஸ்.

“அதில வேண்டாம்,” என்றார் அம்மா.

“ஏனம்மா?”

“ஈரம் ஊறும்.”

தொட்டுப் பார்த்தேன். அப்பளம் காய வைக்கலாம் போல இருந்தது.

“பின்னுக்குப் போடுங்கோவன், தம்பி.”

“பின்னுக்குப் போட்டால் பாட்டுக் குழம்பிப்போகும் அம்மா,” என்றான் கைபேசிக்குள் இருந்தவன்.

வன்னியில் வளவுக்குள் குழி தோண்டி நகையைத் தாட்டுவிட்டு இடம்பெயர்ந்த கதை வீட்டுக்கு வீடு உண்டு. என் மண்டைக்குள் ஒரு பித்தளைக் குடம் மூடி திறந்தது. மகனுக்குக் கேட்காமல் கிட்டப் போய்க் குசுகுசுத்தேன்.

“நகை தாட்ட இடமோ அம்மா? நான் ஒருத்தருக்கும் சொல்லன். ஒரு மோதிரம் தந்தால் போதும்.”

“நகையெல்லாம் அந்தச் சண்டையில, மாத்தளனில அரிசிக்குப் போச்சுது.”

நான் திரும்பிப் போய் வயரைக் கொழுவினேன். கிருசாந்தன் சொன்னபடி மேளம் முழங்குகிற பாட்டு ஒன்றைப் போட்டேன். தரை கிண்ணென்று அதிர்ந்தது. அம்மா அந்த ரைல்ஸின் பக்கத்தில் குந்தி, அதை உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

“சத்தத்தைக் குறையுங்கோ, தம்பி.”

“காது நோகுதோ அம்மா?”

“எனக்கில்லை.”

குறைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரை நினைக்கிறார் போலும்.

“சரி அண்ணை, எனக்கு நேரம் போச்சுது,” என்றான் கிருசாந்தன். “கதிரையை அதிலயே போடுங்கோ. விதுசனைத் தவிர ஒருத்தரும் அதில இருக்கக்கூடாது. என்னம்மா?”

அம்மா கைபேசியைப் பார்த்து முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

“ஓம் அப்பன். அவன் வந்து இருக்கட்டும்.”

திரை கறுத்தது. நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தூக்கியபடியே நின்றேன். கை கடுத்தது.

“அம்மா, நான் இதை அங்கால போடுறன். வீடியோவில அவருக்கு விளங்காத மாதிரிச் சமாளிக்கலாம். எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கோ. அதுக்குக் கீழ என்ன கிடக்கு?”

“போனை வெட்டிப்போட்டானோ?”

“ஓம்.”

முந்தானையால் ஓட்டையைச் சுற்றியிருந்த தூசியைத் துடைத்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“விதுசன்.”